கையெழுத்துப் போடும் முன்னால்

பையனை என்.சி.சி.யில், அதாவது தேசிய மாணவர் படையில், சேர்க்கலாமா என்று தூத்துக்குடி மில்லர்புரத்தில் எங்கள் தெருக்காரர்கள் கேட்டால், தாராளமாகச் சேருங்கள் என்றுதான் சொல்வேன். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் தண்ணீர் தெளித்தாலும் எழும்பாத பயல்கள், பரேடு என்றால் விடியுமுன் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். குடியரசு தினத்தன்று தருவை மைதானத்தில் அணிவகுத்து வரும்போது அவர்கள் நிமிர்வே வேறு.

சேர்ந்தால் சண்டைக்கு அனுப்பிவிடுவார்களோ என்று கேட்கிற ஆச்சிகள் இன்றும் இருக்கிறார்கள். மாணவர் படையில் இருக்கிற காரணத்தால் யாரையும் போர்ப்பணிக்கு அழைக்க முடியாது என்று 1948-ஆம் ஆண்டு என்.சி.சி. சட்டமே சொல்கிறது. அந்தப் பயத்தை விடலாம். பயப்பட வேண்டிய இடம் வேறு.

2024 ஆகஸ்ட் 5 அன்று நம் ஊர் பனிமய மாதா திருவிழாக் கூட்டத்தில் இருந்தது. அதே நாளில் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. என்ற பெயரில் ஐந்து நாள் முகாம் தொடங்கியது. 17 மாணவிகள் பள்ளியிலேயே தங்கினார்கள். அங்கே 13 வயதுச் சிறுமி ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். விசாரித்தால், அந்தப் பள்ளியில் என்.சி.சி. பிரிவே கிடையாது. அந்த முகாமுக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று மாணவர் படை அறிவித்தது. நடத்த வந்தவர்கள் யார், எவர் என்று பள்ளி விசாரிக்கவில்லை, மேற்பார்வைக்கு ஒரு ஆசிரியரைக்கூட வைக்கவில்லை என்றது காவல்துறை. விஷயம் காதுக்கு வந்தும் நிர்வாகம் அமுக்கப் பார்த்ததாகப் புகார். பள்ளி முதல்வரும் தாளாளரும் கைதானார்கள்.

அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பள்ளிக்கூடமே அனுப்பச் சொல்கிறது, உடுப்பு போட்டவர் வந்து நிற்கிறார், கடைசியில் சான்றிதழும் உண்டு. யாருக்குச் சந்தேகம் வரும்? அதோடு நம்மிடம் ஒரு கூச்சம் இருக்கிறது. கேட்டால் சார் தப்பாக நினைப்பாரோ, பிள்ளையை ஒதுக்கிவிடுவாரோ என்கிற கூச்சம். (வாத்தியார்களுக்கு இது ரொம்ப வசதி, அனுபவத்தில் சொல்கிறேன்.) திரேஸ்புரத்தில் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் காசு கொடுக்காதவர்கள், பிள்ளையை ஐந்து நாள் அனுப்பும் படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறோம்.

உண்மையான என்.சி.சி.க்கு ஒரு முறை உண்டு. பள்ளி ஒரு யூனிட்டின் கீழ் இருக்கும். அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் பொறுப்பில் இருப்பார், ஏ.என்.ஓ. என்பார்கள். முகாமை நடத்துவது யூனிட்டே தவிர, வெளியிலிருந்து வந்த தனி ஆள் அல்ல. ஆகவே எந்த யூனிட் என்று கேளுங்கள். பதில் கிடைத்ததும் அந்த அலுவலகத்திலேயே விசாரியுங்கள். நோட்டீசில் அச்சடித்த போன் நம்பரில் விசாரித்துப் பயனில்லை; போலி நடத்துகிறவன் நம்பரையும் அவனே போட்டிருப்பான்.

அடுத்தது ராத்திரி. பகலில் என்ன சொல்லிக் கொடுப்பார்கள் என்று எல்லாரும் கேட்கிறோம், ராத்திரி யார் கூட இருப்பார்கள் என்று கேட்பதில்லை. பிள்ளைகள் எங்கே படுப்பார்கள், பக்கத்தில் எந்த டீச்சர் படுப்பார், கழிப்பறை எவ்வளவு தூரம், சாயங்காலம் நாம் போய்ப் பார்க்கலாமா, பிள்ளை வீட்டுக்குப் போன் பேசலாமா? பெயரைச் சொல்லிப் பதில் வர வேண்டும். "அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுவோம்" என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆண் பிள்ளைதானே என்றும் விட்டுவிடாதீர்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானது. கோடைக்கால ஹாக்கி கோச்சிங், சாரணர் முகாம், நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாம், கோயிலோ சர்ச்சோ நடத்துகிற விடுமுறை வகுப்பு எதுவானாலும் இதே கேள்விகள்தான்.

கிளம்புகிற அன்று பிள்ளையிடம் ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள்: "பிடிக்கலேன்னா ஒரு போன் போடு மக்கா. ராத்திரி ரெண்டு மணின்னாலும் வந்து கூட்டிட்டு வாரேன். ஏன்னு கேக்க மாட்டேன்." திரும்பி வந்ததும் சர்டிபிகேட் எங்கே என்று ஆரம்பிக்க வேண்டாம். சாப்பாடு போட்டு, பேச விடுங்கள். வழக்கத்துக்கு மாறாக வாயே திறக்கவில்லை என்றால் அம்மாவோ அத்தையோ பக்கத்தில் இருக்கட்டும்.

அப்படி ஏதாவது வெளியே வந்து, பள்ளிக்கூடத்தின் பேர் கெட்டுவிடும், பேசித் தீர்க்கலாம் என்று யாராவது வந்தால் உட்காரவைத்துப் பேசாதீர்கள். தனக்குக் கீழே வேலை செய்கிறவர் செய்த குற்றத்தை நிறுவனத்தின் பொறுப்பாளர் போலீசுக்குச் சொல்லாமல் விட்டால் அவருக்கே ஓராண்டு வரை சிறை என்கிறது போக்சோ சட்டத்தின் 21-ஆம் பிரிவு. குழந்தைகள் உதவி எண் 1098. ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது.