‘இல்லை’ என்றது யார்?

முகப்புப் பக்கம் திறக்கும். உள்ளே எந்தக் கட்டுரையைத் தொட்டாலும் ‘பக்கம் இல்லை’ என்ற 404 பிழை. சர்வர் மாற்றிய கையோடு தளம் நடத்துகிறவர்கள் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் இதுதான். கட்டுரைகள் தரவுத்தளத்தில் பத்திரமாக இருக்கும். அவற்றுக்குப் போகும் வழிதான் அடைபட்டிருக்கும்.

உடனே எல்லோரும் முகவரிகளுக்கு வழிகாட்டும் ரீரைட் விதியில் கைவைக்கிறார்கள். இங்கே ஒரு புள்ளியைச் சேர்ப்பது, அங்கே ஒரு சாய்கோட்டை எடுப்பது. அதற்கு முன் அந்தப் பிழைப் பக்கத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ‘இல்லை’ என்றது யார்? வெள்ளையில் கறுப்பெழுத்தாக ஒரு மொட்டைப் பக்கம் வந்தால், பெரும்பாலும் அது அப்பாச்சி சர்வரின் பதில். விதி வேலையே செய்யவில்லை. தளத்தின் மெனுவோடும் வண்ணத்தோடும் வந்தால், கோரிக்கை தளத்தின் நுழைவுக் கோப்பான இண்டெக்ஸ் டாட் பிஎச்பி வரை போய்விட்டது. கோளாறு அதற்கு அப்பால். இதைப் பிரித்தறியாமல் விதியைத் திருத்திக்கொண்டே இருப்பது வீண் வேலை.

மொட்டைப் பக்கமா? அந்த விதிகள் இருக்கும் ஹெச்டிஆக்சஸ் கோப்பின் முதல் வரியில் அர்த்தமில்லாத ஒரு சொல்லை எழுதிச் சேமியுங்கள். சர்வர் கோப்பைப் படித்தால் 500 பிழை வந்தே தீரும். அப்போதும் 404தான் என்றால் கோப்பை அது திறந்தே பார்க்கவில்லை. அப்பாச்சி 2.4இல் அலவ்ஓவர்ரைடு என்ற அமைப்பு, நாம் மாற்றாதவரை, ‘நன்’ என்றே இருக்கும். என்ஜின்எக்ஸ் சர்வருக்கு மாறியிருந்தால் கேட்கவே வேண்டாம். அது அந்தக் கோப்பை ஒருநாளும் படிக்காது. கோப்பைப் படித்தும் நடக்கவில்லையென்றால் விதிகளை இயக்கும் மாட் ரீரைட் மாட்யூல் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வேர்ட்பிரஸ் மென்பொருள் தன் விதிகளை இஃப்மாட்யூல் என்ற நிபந்தனைக்குள் வைப்பதால், மாட்யூல் இல்லாவிட்டாலும் சத்தமே வராது. சோதனை முடிந்ததும் அந்த அர்த்தமில்லாத சொல்லை அழித்துவிட வேண்டும்.

தமிழ்த் தளங்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. ஒரு சிற்றிதழின் தளத்தில் ஆங்கில முகவரி வைத்த பக்கங்கள் ஒழுங்காகத் திறந்தன. தமிழ்த் தலைப்பையே முகவரியாகக் கொண்டவை எல்லாம் 404. விதியை எழுதியவர் ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், இணைப்புக்கோடு இவை மட்டுமே வரலாம் என்று எழுதியிருந்தார். ‘அ’ என்ற ஒற்றை எழுத்து யுடிஎஃப்-8இல் 3 பைட். அதில் ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை. ‘சாய்கோடு தவிர எதுவும் வரலாம்’ என்று மாற்றியதும் அத்தனையும் திறந்தன. அந்த இதழின் பழைய கதைகளைத் தேடிப் படிக்கிறவன் என்பதால் எனக்கு அது பெரிய நிம்மதி. இதே 3 பைட், சதவீதக் குறிகளோடு எழுதும்போது 9 எழுத்தாகிறது. வேர்ட்பிரஸ் முகவரிப் பெயரை 200 எழுத்துக்குள் நிறுத்துவதால், நீண்ட தமிழ்த் தலைப்பு ஏறத்தாழ 22 குறிகளில் வெட்டுப்படும். புள்ளியும் கொம்பும்கூடத் தனித்தனிக் குறிகளே. வேறு மென்பொருளுக்கு மாறும்போது முழுத் தலைப்பை முகவரியாக வைத்தால், அப்படி வெட்டுப்பட்ட பழைய இணைப்பு எதுவும் பொருந்தாது.

எதுவும் பிடிபடாதபோது அப்பாச்சியின் லாக்லெவல் அமைப்பில் ரீரைட் ட்ரேஸ்3 என்று வைத்துப் பாருங்கள். எந்த விதி எந்த முகவரியோடு ஒப்பிடப்பட்டது என்று சர்வரே வரிவரியாக எழுதிவைக்கும். ஹெச்டிஆக்சஸில் ஒப்பிடும்போது முகவரியின் முதல் சாய்கோடு கழற்றப்பட்டிருக்கும் என்பதை அங்கே கண்ணாலேயே பார்க்கலாம். சர்வரின் முதன்மை அமைப்பில் ஓடிய விதியை இங்கே அப்படியே ஒட்டினால் பொருந்தாததற்கு அதுதான் காரணம்.

தமிழில் தளம் நடத்துகிறவர்கள் சர்வர் மாற்றுமுன் தங்கள் முகவரிகள் அனைத்தையும் ஒரு பட்டியலாக எடுத்துவைக்க வேண்டும். மாற்றியபின் முகப்பை மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல், தமிழ்த் தலைப்புள்ள பழைய பக்கங்களையும் திறந்து பாருங்கள். இடம் மாறியவற்றுக்கு 301 என்ற நிரந்தரத் திசைமாற்றம் போட்டு வழிகாட்டுங்கள்.