கண்ணளவும் கருவியளவும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்

இயற்பியல் ஆய்வகத்தில் நுழைந்தவுடன் நம் கையில் கொடுக்கப்படும் கருவிகளுள் ஒன்று திருகு அளவி. அதன் மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர். ஒரு கம்பியின் விட்டத்தைப் பல முறை அளந்து, சராசரி கண்டு, பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும். "இத்தனை நுட்பம் எதற்கு?" என்று முணுமுணுக்காதவர் நம் வகுப்பில் எவரும் இலர். 0.66 மில்லிமீட்டர் என்பது அக்கருவியின் தலைக்கோலில் 66 பிரிவுகள். அந்த 66 பிரிவுகளால் ஒரு விமானி வானத்தில் தொங்க நேர்ந்தது.

1990 ஜூன் 10 அன்று, பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தின் விமானம் ஒன்று 81 பயணிகளுடன் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயின் நாட்டு மலாகாவுக்குப் புறப்பட்டது. 17,300 அடி உயரத்தை அடைந்தபோது கேப்டனுக்கு எதிரே இருந்த முன்கண்ணாடி பெயர்ந்து பறந்தது. கேப்டன் டிம் லங்காஸ்டர் இடுப்பு வரை வெளியே இழுக்கப்பட்டார். பணியாளர் நைஜல் ஆக்டன் ஓடிவந்து அவரைப் பற்றிக்கொண்டார். துணை விமானி அலஸ்டர் அட்ச்சிசன் விமானத்தைச் சவுதாம்ப்டனில் பத்திரமாக இறக்கினார். இருபது நிமிடங்களுக்கும் மேலாக வெளியே கிடந்த கேப்டன் இறந்துவிட்டார் என்றே உள்ளிருந்தோர் எண்ணினர். அவரோ பிழைத்தார், சில மாதங்களிலேயே மீண்டும் விமானம் ஓட்டவும் செய்தார்!

இதனை வீரக் கதையாகச் சொல்வோர் உண்டு. வீரந்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் என் மனம் அந்த விமானத்தைவிட, அதற்கு 27 மணி நேரம் முன்னதாக அக்கண்ணாடி மாற்றப்பட்ட கொட்டகையிலேயே நின்றுவிடுகிறது.

அன்றிரவு ஆள் குறைவு. எனவே ஷிஃப்டுப் பொறுப்பாளரே ஸ்பேனரும் திருப்புளியுமாக வேலையில் இறங்கினார். நேரம் விடியற்காலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடைப்பட்டது. கண்ணாடியைப் பிடித்திருந்த போல்டுகள் 90. கழற்றிய பழைய போல்டு ஒன்றை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனார். அது 7டி என்னும் ரகம். அங்கிருந்தவர், "இந்தக் கண்ணாடிக்கு 8டி அல்லவா போடுவார்கள்?" என்ற பொருள்படச் சொன்னார். ஆனால் இத்தனை நாளாகப் பிடித்துக்கொண்டிருந்தது 7டி தானே! அதுவே போதும் என்று பொறுப்பாளர் முடிவு செய்தார். உண்மையில் முன்பு மாட்டியவர்களும் தவறான ரகத்தையே மாட்டியிருந்தார்கள். நீளம் குறைவாயினும் பருமன் சரியாக இருந்ததால் அது தாங்கி நின்றது. ஸ்டோரில் 7டி போதிய அளவு இல்லை. காவலாள் இல்லாத, வெளிச்சம் மங்கிய இன்னொரு ஸ்டோருக்குச் சென்று, இழுப்பறைகளில் தேடி, பழைய போல்டோடு கண்ணால் ஒப்பிட்டு எடுத்துவந்தார். அவர் எடுத்தவை 8சி. அவற்றின் விட்டம் 0.66 மில்லிமீட்டர் குறைவு. 90-இல் 84 போல்டுகள் இவ்வாறு அமைந்துவிட்டன.

போல்டு மெலிந்திருந்தால் மரை பிடிக்காதே, முறுக்கும்போது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் முதலில் கேட்டேன். குறித்த அளவு இறுகியதும் 'க்ளிக்' என நழுவும் திருப்புளியை அவர் பயன்படுத்தினார். மரை நழுவியபோதும் கைக்கு ஏறத்தாழ அதே உணர்வுதான் கிடைத்தது. எட்டிச் சாய்ந்து வேலை செய்ய வேண்டியிருந்ததால், போல்டுத் தலைகள் குழியில் சரியாக அமரவில்லை என்பதும் கண்ணில் படவில்லை. மேலும் அவ்வகை விமானத்தில் முன்கண்ணாடி வெளிப்புறத்திலிருந்து பொருத்தப்படுவது. உயரே செல்லச் செல்ல வெளிக்காற்றின் அழுத்தம் குறைய, உள்ளழுத்தம் கண்ணாடியை வெளியே தள்ளும். அத்தனை பாரத்தையும் போல்டுகளே சுமந்தாக வேண்டும்.

அவர் சோம்பேறியா? அல்லர். வேலை தெரியாதவரா? அதுவும் அன்று. விமானம் காலையில் புறப்பட வேண்டுமே என்ற பொறுப்புணர்ச்சியால்தான் அந்நேரத்தில் அவ்வேலையைத் தாமே ஏற்றார். "கவனமாக இரு" என்று அவரிடம் ஆயிரம் முறை சொல்லியிருந்தாலும் என்ன பயன்? கவனமாகத்தானே இருப்பதாக அவர் எண்ணிக்கொண்டிருந்தார்!

இங்கேதான் 'மனிதக் காரணிப் பயிற்சி' என்பது வருகிறது. கனடா நாட்டுப் போக்குவரத்துத் துறையில் பணியாற்றிய கார்டன் டுபான்ட் என்பவர், பராமரிப்புத் தவறுகளுக்கு வித்தாகும் 12 காரணங்களை 1993-ஆம் ஆண்டு வாக்கில் தொகுத்தார். களைப்பு, அவசர நெருக்கடி, ஆள் பொருள் பற்றாக்குறை, 'எல்லாம் தெரியும்' என்ற மெத்தனம், 'இங்கே இப்படித்தான்' என்ற வழக்கம் முதலியவை அப்பட்டியலில் உண்டு. இன்று ஐரோப்பாவிலும் நம் இந்தியாவிலும் விமானப் பராமரிப்பு நிறுவனங்களின் ஊழியர்களுக்கு இத்தகைய பயிற்சி கட்டாயம். பர்மிங்ஹாம் இரவை வகுப்பில் வைத்து, அந்த வேலையை எந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம் என்று ஆராயச் செய்வதும் உண்டு. ஆனால் ஆளைக் குறைத்து, நேரத்தையும் குறைக்கும் மேலதிகாரி அவ்வகுப்பில் அமராவிட்டால் பாதிப் பயன்தான் என்பது என் எண்ணம்.

அந்தப் பன்னிரண்டில் என்னை மிகவும் நிறுத்தியது, அழுத்திச் சொல்லாமை. ஸ்டோரில் இருந்தவருக்குச் சரியான ரகம் தெரிந்திருந்தது, சொல்லவும் சொன்னார். கேட்டவர் தம்மைவிடப் பெரிய பொறுப்பில் இருந்தவர். ஒருமுறை சொன்னதோடு பேச்சு நின்றுவிட்டது. வகுப்பில் எழுந்து சந்தேகம் கேட்கத் தயங்கும் நமக்கு, அந்த மனிதரின் நிலை புரியாமற்போகுமா?

என் தந்தையார் லாரிப் பட்டறையில் வேலை செய்பவர். நட்டைத் தூரத்திலிருந்து பார்த்தே "பதினேழாம் நம்பர் ஸ்பேனர் எடு" என்பார், தப்பாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்தவன் நான் ஒருவனே. படித்தவன் என்ற முறையில் கண்ணளவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கண்ணளவுதான் என் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியது. விடுமுறையில் இந்நிகழ்ச்சியை அவரிடம் விவரமாகச் சொன்னேன். விமானியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "வேலை முடிஞ்சதும் வேற ஒரு ஆள் வந்து பார்க்கலையாப்பா?" என்றார்.

இல்லை. இன்னொருவர் சரிபார்த்தாக வேண்டிய பாகங்களுக்கென்று ஒரு பட்டியல் இருந்தது. முன்கண்ணாடி அதில் சேர்க்கப்பட்டிருக்கவில்லை.