முதல் தவணைக்கு முன்னே

2025-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த வாரம், செந்துறையில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் புதிதாய் எழுந்த ஒரு வீட்டை மந்திரிக்கப் பங்குத்தந்தை வந்திருந்தார். முந்நூற்று அறுபது சதுர அடி வீடு. ஒரு கூடம், ஒரு சமையலறை, முன்னால் சிறு தாழ்வாரம். தீர்த்தம் தெளித்து முடிக்க ஐந்து நிமிடங்கூட ஆகவில்லை. சுவரில் அடைக்கல மாதாவின் படம் ஒன்று மாட்டப்பட்டிருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்துக்கொண்டிருந்த அந்த வீட்டு அம்மாள், வேப்பமரத்தடியில் நின்ற என்னைப் பார்த்து, "உள்ள வாங்க வாத்தியாரையா" என்று இருமுறை அழைத்தார். எனக்குக் கால் எழவில்லை. அதன் காரணத்தை இப்பக்கங்களில் எழுதுவது எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் எழுதத்தான் வேண்டும்.

முந்தைய ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள், முந்திரித் தோப்பு வேலையிலிருந்து திரும்பும் வழியில் அவர் என் வீட்டுத் திண்ணையருகே வந்து நின்றார். கையில் ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்த வேலை உத்தரவு இருந்தது. 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் அவருக்கு வீடு ஒதுக்கப்பட்டிருந்தது. நான் படித்துப் பார்த்து மகிழ்ந்தேன், வாழ்த்தும் சொன்னேன். அவர் நகரவில்லை. சிறிது நேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, "கடைக்கால் மட்டும் எழுப்பிட்டேன்னா போதுங்க. முப்பதாயிரம் இருந்தாச் சமாளிச்சிருவேன். பணம் வந்ததும் ஒங்களுதக் குடுத்துர்றேன்" என்றார்.

என்னிடம் அந்தத் தொகை இருந்தது. வங்கியில் வைப்பாய் இருந்தது. ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்னும் லூக்கா நற்செய்தியின் உவமையை எடுத்துச் சொன்னேன்! கையில் முதலில்லாமல் வேலையைத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடும், ஊரார் சிரிப்பார்கள் என்று பாடம் நடத்தினேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்தவனுக்குப் பாடம் நடத்துவது எளிது. அவர் மறுத்து ஒன்றும் பேசவில்லை. "சரிங்க" என்று போய்விட்டார்.

பின்னர்தான் யோசித்தேன். அவர் கணக்குப் போடாமலா வந்தார்? என்னைவிடத் துல்லியமாகப் போட்டிருந்தார். அரசு தருவது மூன்று இலட்சத்து ஐம்பதாயிரம். முந்நூற்று அறுபது சதுர அடிக்கு அதைப் பங்கிட்டால் ஒரு சதுர அடிக்கு ஆயிரம் ரூபாய்கூட வராது. கொத்தனார் சொன்ன மதிப்போ நாலரை இலட்சத்தைத் தாண்டியது. இதைவிடப் பெரிய இடர் வேறொன்று. கட்டட வேலை ஒவ்வொரு நிலையை எட்டிய பிறகே அந்தந்தத் தவணை வங்கிக் கணக்கில் ஏறும். பேஸ்மட்டம் எழும்பி, ஓவர்சியர் வந்து பார்த்துப் படம் எடுத்துப் போன பின்பே முதல் பணம். அரசுப் பணம் வீணாகக் கூடாது என்று வைத்த ஏற்பாடு அது. குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பேஸ்மட்டத்தை எழுப்புவது யார் பணத்தில்? உத்தரவுத் தாளில் அதற்கு விடை இல்லை. கூரை வீட்டில் இருப்பவருக்குத்தான் இந்த வீடு. கூரை வீட்டில் இருப்பவரிடம் கடைக்காலுக்குப் பணம் இருக்குமானால் அவர் ஏன் கூரை வீட்டில் இருக்கப் போகிறார்?

வீடு கட்ட அரசு உதவுவது நம் பகுதிக்குப் புதிதன்று. எங்கள் வட்டாரத்தில் 'தொகுப்பு வீடு' என்று வழங்கும் சிறு வீடுகளை எல்லோரும் பார்த்திருப்பார்கள். 1985-86-இல் இந்திரா ஆவாஸ் யோஜனா தொடங்கிற்று. 1996-இல் அது தனித் திட்டமாயிற்று. 2016-இல் பிரதமர் பெயரிலான கிராமப்புற வீட்டுத் திட்டமாக மாறிற்று. இடையில் மாநில அரசு 2010-இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் கலைஞர் வீடு வழங்கும் திட்டத்தையும், 2011-இல் சூரிய விளக்குகளுடன் கூடிய பசுமை வீடுகளையும் கொண்டுவந்தது. 2030-க்குள் குடிசையில்லாத் தமிழகம் என்னும் இலக்கோடு 2024-இல் அறிவிக்கப்பட்டதுதான் கனவு இல்லம். முதல் ஆண்டுக்கு மட்டும் ஓர் இலட்சம் வீடுகள். ஆட்சிகள் மாறின, பெயர்கள் மாறின, தொகை கூடிற்று.

இந்த வரிசையில் அந்த அம்மாளின் குடும்பம் ஏன் இத்தனை காலம் நிற்கவேயில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முதலில் வந்த திட்டம் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர் ஆகியோருக்கென்றே இருந்தது. அவருடைய தகப்பனார் சேரியில் பிறந்தவர், பண்ணையில் உழைத்தவர். ஆனால் ஞானஸ்நானம் பெற்றவர். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார். அண்டை வீட்டுக்காரருக்குத் தொகுப்பு வீடு வந்தது, இவர்களுக்கு வரவில்லை. 1993-94-இல் தான் மற்ற ஏழைகளுக்கும் கதவு சிறிது திறந்தது. அப்போதும் பெரும்பங்கு ஒதுக்கீட்டுக்கு வெளியேதான் இவர்கள். ஆண்டுதோறும் ஆகஸ்டு 10-ஆம் நாள் நாம் கறுப்பு தினம் அனுசரிக்கிறோம். நல்லதுதான். ஆனால் நம் ஆலயங்களில் அவர்களுக்கு இடம் எங்கே இருந்தது, கல்லறையில் எந்த மூலை கிடைத்தது என்பதை நம் மூத்தவர்கள் அறிவார்கள். அரசை மட்டும் நோக்கி விரல் நீட்டுவது எனக்குக் கூச்சமாயிருக்கிறது.

என் வீட்டின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1991-இல் நான் வங்கிக் கடன் வாங்கித்தான் கட்டினேன். எனக்கும் தவணை தவணையாகத்தான் தந்தார்கள். ஆனால் நான் ஒரு நாளும் திண்டாடியதில்லை. சம்பளச் சான்றிதழ் ஒன்று என்னிடம் இருந்தது. சிமெண்டுக் கடைக்காரர், "அதுக்கென்ன சார், தவணை வந்ததும் குடுங்க" என்று மூட்டைகளை அனுப்பினார். செங்கற்சூளைக்காரர் கணக்கு எழுதிக்கொண்டார். என் மாமனார் கடைக்காலுக்குப் பணம் தந்தார். அவர்களில் எவரும் என்னிடம் லூக்கா நற்செய்தியைச் சொல்லவில்லை.

நம் மாவட்டத்தில் சிமெண்டுக்கா பஞ்சம்? அரியலூரில் அரசு ஆலை 1979 முதல் இயங்கியது. செந்துறைப் பக்கத்திலேயே தளவாயிலும் ஆலத்தியூரிலும் தனியார் ஆலைகள் எழுந்தன. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் நம் சாலையில் போகின்றன. அந்தத் தூசி அந்த அம்மாளின் கூரைமேலும் படிந்துதான் இருந்தது. 2015-இல் மூட்டை நூற்றுத் தொண்ணூறு ரூபாய் என்று மலிவு விலையில் அரசு சிமெண்டு விற்றது. அப்போதும் கையில் ரொக்கம் இருந்தவர்க்கே அது பயன்பட்டது.

என்னிடம் கிடைக்காத முப்பதாயிரத்தை அவர் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கினார். மாதம் தொள்ளாயிரம். முதல் தவணை வந்ததும் கடனை அடைக்கலாம் என்பதே அவர் எண்ணம். ஆனால் அந்தப் பணம் வந்தபோது சுவர் எழுப்பச் செங்கல் வேண்டியிருந்தது. சுவருக்குரிய பணம் வந்தபோது தளத்துக்கு ஜல்லியும் சென்ட்ரிங் வாடகையும் காத்திருந்தன. ஒவ்வொரு தவணையும் அடுத்த நிலைக்குப் போயிற்று. முதல் கடன் மட்டும் அப்படியே நின்றது. எட்டு மாதத்தில் வட்டி மட்டும் ஏழாயிரத்து இருநூறு ரூபாய். மகளிர் குழுவில் ஒரு கடன், காதுத் தோடு அடகில், கறவை மாடு விற்பனையில். கொத்தனார் தன் கூலியில் பாதியைப் பிறகு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அவரும் ஏழைதான், நம் சபையைச் சேர்ந்தவருமல்லர். மந்திரித்த அன்று மாலை எல்லோரும் போன பின் அந்த அம்மாள், மகளின் பழைய பள்ளி நோட்டில் எழுதி வைத்த கடன் விவரத்தைக் கொண்டுவந்து என்னைக் கூட்டித் தரச் சொன்னார். பதினொரு பெயர்கள் இருந்தன. வேப்பமரத்தடியில் நின்றபடியே கூட்டிக் கொடுத்தேன். கடன் கொடுத்தவன் அடகு கேட்டுக் கடனாளியின் வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்க வேண்டும் என்று இணைச்சட்ட நூலில் ஒரு விதி உண்டு. கொடாதவன் எங்கே நிற்க வேண்டும் என்று அதில் இல்லை.

1462-இல் இத்தாலியின் பெருஜியா நகரில் பிரான்சிஸ்கன் சபைத் துறவிகள் ஏழைகளை வட்டிக்காரரிடமிருந்து காக்கப் பொது நிதி ஒன்றை நிறுவினார்கள். சிறு பொருளை ஈடாகப் பெற்றுக்கொண்டு மிகக் குறைந்த கட்டணத்தில் கடன் கொடுத்தார்கள். கடனுக்குக் கட்டணம் வாங்கலாமா என்று அக்காலத்து மறைவல்லுநர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். 1515-இல் தான் திருச்சபையின் பொதுச்சங்கம் அதை ஏற்றது. ஐந்து நூற்றாண்டுக்கு முன் அவர்கள் கண்டுகொண்டதைக் காண எனக்கு ஒரு வீட்டு மந்திரிப்பு தேவைப்பட்டது.

அடுத்த அன்பியக் கூட்டத்தில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். சிலர் சிரித்தார்கள், ஒருவர் மட்டும், "இப்பவாவது சொன்னீங்களே" என்றார். கடைக்காலுக்கென்று ஒரு சிறு நிதி வைப்பது என்று முடிவாயிற்று. வேலை உத்தரவு வந்தவருக்கு வட்டியில்லாமல் கொடுப்பது. முதல் தவணையிலேயே முழுதும் கேட்காமல் நான்கு தவணையிலும் சிறிது சிறிதாகத் திரும்பப் பெறுவது. எந்தச் சமயத்தவராயினும் தெருக்காரராயிருந்தால் போதும் என்று கொத்தனாரை நினைத்துச் சேர்த்துக்கொண்டோம். அந்த முப்பதாயிரத்தை நான் போட்டேன். பதினெட்டுக் குடும்பங்கள் மாதம் இருநூறு ரூபாய் போடுகின்றன. பதினொரு பேருக்குக் கடன்பட்ட அந்த அம்மாளும் அவற்றில் ஒருவர். வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. ஆறு மாதத்தில் ஐம்பத்தோராயிரத்து அறுநூறு சேர்ந்தது.

அதே தெருக்கோடியில் இன்னொரு கூரை வீடு இருக்கிறது. பட்டா தந்தையின் பெயரிலேயே இருந்ததால் அவர்கள் பெயர் நெடுநாள் தள்ளிப்போயிற்று. இப்போது பட்டா மாறிவிட்டது. உத்தரவு வந்தால் கடைக்காலுக்கு எழுபத்தையாயிரம் ஆகும் என்று கொத்தனார் அளந்து சொல்லியிருக்கிறார். இன்னும் இருபத்து மூவாயிரத்து நானூறு குறைகிறது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அதைப் பற்றிப் பேச அந்த அம்மாளின் கூடத்தில் உட்காரப் போகிறோம்.