உத்திரமேரூரில் ஒரு ரயில் நிலையம்!

உத்திரமேரூருக்கு ரயில் கிடையாது. ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன்பே ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த ஊர் இது. பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டைப் பார்க்க எங்கெங்கிருந்தோ பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். ஆனால் ரயில் ஏற வேண்டுமென்றால் நாங்கள் செங்கல்பட்டுக்கோ, மதுராந்தகத்துக்கோ, காஞ்சிபுரத்துக்கோதான் ஓட வேண்டும். எங்கள் ஊர்க் குழந்தைகளுக்கு ரயில் என்பது ஏறிப் போகிற வண்டி அல்ல. சோறு கட்டிக்கொண்டு பார்க்கப் போகிற காட்சி!

அப்படிப்பட்ட ஊரில், எங்கள் வீட்டு மாடி அறையில் இப்போது ஒரு ரயில் நிலையம் எழும்பிக்கொண்டிருக்கிறது. 14 அடி நீளம், இரண்டடி அகலம். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் 'பழைய சீவரம்' என்று பெயர். பலகையைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும்.

'மாடல் ரயில்வே' என்றதும் இது ஏதோ வெளிநாட்டுப் பணக்காரர்களின் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். குவாலியர் அரண்மனைச் சாப்பாட்டு மேஜையில் ஓடிய வெள்ளி ரயில் வேண்டுமானால் அந்த ரகம். ஆனால் நவராத்திரிக் கொலுவில் படிக்குக் கீழே நாம் போடுகிற 'பார்க்' என்னவாம்? கேழ்வரகும் கடுகும் முளைவிட்டு வயல், கண்ணாடித் துண்டு குளம், செங்கல்பொடி ரோடு, சுற்றிவர ஒரு சாவி ரயில். பாதி வேலையை நம் பாட்டிகள் எப்போதோ செய்துவிட்டார்கள். இன்னொரு வேடிக்கை. மாடல் ரயில் உலகில் பெரிய பெயரான ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனி 1859-ல் தொடங்கியபோது செய்தது ரயில் அல்ல, பொம்மை வீட்டுக்கான சமையல் சாமான்கள். சொப்பு! சொப்பிலிருந்துதான் அவர்களும் ரயிலுக்கு வந்திருக்கிறார்கள்.

கொலு பார்க்குக்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றே ஒன்று. பார்க்கில் யானையைவிட முயல் பெரிதாக இருக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். இதில் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. உலகில் அதிகம் பேர் பின்பற்றுவது 'ஹெச்.ஓ.' என்கிற அளவு. நிஜத்தில் 87 பங்கு இருப்பது இங்கே ஒரு பங்கு. ஐந்தரை அடி மனிதர் இரண்டு சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அறுபதடித் தென்னை 21 சென்டிமீட்டர். கடையில் விற்கிற பொம்மைத் தென்னை எல்லாம் இந்தக் கணக்கில் கன்றுதான்.

இதை நான் முதன்முதலில் முழுசாகப் பார்த்தது புனேயில், கோத்ரூட் பகுதியில் இருக்கிற ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியத்தில். பாவ் ஜோஷி என்ற தனி மனிதரின் ஆசை அது. 1998 ஏப்ரல் 1-ம் தேதி திறந்தார்கள். கைகாட்டி, வேலி, விளக்குக் கம்பம் என்று ஒரு நகரமே ஹெச்.ஓ. அளவில் இயங்குகிறது. ஹாம்பர்க் நகரத்தில் 2001-ல் தொடங்கிய 'மினியாட்டூர் வுண்டர்லாண்ட்' இதைவிடப் பல மடங்கு பெரிசு. ஆனால் புனே போகிறவர்கள் கோயில் குளத்தோடு இதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். குழந்தைகள் உங்களை வாழ்த்துவார்கள். எனக்கு அங்கே ஒரே ஒரு குறை. அது எல்லா ஊருக்குமான நகரம். எனக்குத் தெரிந்த ஊர் இல்லை.

வீட்டில் வேலையை ஆரம்பித்தபோது முதல் சண்டையே எந்த வருஷம் என்பதில்தான். இந்தப் பொழுதுபோக்கில் இடத்தை முடிவு செய்தால் மட்டும் போதாது, வருஷத்தையும் முடிவு செய்ய வேண்டும். என்ஜின், பெட்டியின் நிறம், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரின் உடுப்பு எல்லாம் அதைப் பொறுத்தது.

என் மகன் இன்றைய ரயில்தான் வேண்டும் என்றான். அவனிடம் நியாயம் இல்லாமல் இல்லை. பக்கத்து வாலாஜாபாத்தில் புதுக் கார்களைச் சரக்கு ரயிலில் ஏற்றுகிறார்களே, அந்தப் பெட்டிகள் பலவும் ஓய்வுபெற்ற பயணிகள் பெட்டிகள். ஜன்னலை அடைத்து, கடைசியில் கதவு வைத்துக் கார் ஏற்றும்படி மாற்றியவை. ஒரு பழைய பொம்மைப் பெட்டியின் ஜன்னலுக்கு அட்டை ஒட்டினால் வேலை முடிந்தது.

என் மாமனார் 1974 என்றார்.

அவருக்கு எழுபத்தாறு வயது. அந்தக் காலத்தில் குடும்பம் திருமுக்கூடலில் இருந்தது. செங்கல்பட்டில் ஒரு குமாஸ்தா வேலை. பாலாற்றின் குறுக்கே அப்போது பாலம் கிடையாது. விடியற்காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்று மணலில் நடந்து எதிர்க்கரையில் பழைய சீவரத்தில் மீட்டர்கேஜ் வண்டியைப் பிடிக்க வேண்டும். "வாலாஜாபாத்துல வண்டி ஊதறது நடு ஆத்துலயே கேக்கும்மா. அப்புறம் ஓட்டந்தான்" என்பார்.

"ஊர் வழக்கப்படி குடவோலை போட்டுடலாம்மா" என்றான் மகன். வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டை நாலு தடவை பார்த்த பிள்ளை வேறென்ன சொல்லும்? குடத்திலிருந்து ஓலையை எடுக்க வேண்டியது சிறுவன்தான் என்று அந்தக் கல்வெட்டிலேயே இருக்கிறது. தான்தான் எடுப்பேன் என்ற நம்பிக்கை அவனுக்கு. நான் சம்மதிக்கவில்லை. மாமாவுக்குக் கண் அழுத்த நோய். ஓரப் பார்வை குறைந்துகொண்டே வருகிறது. போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்றைய ஸ்டேஷன் அடுத்த வருஷமும் அங்கே இருக்கும், அவன் எப்போது வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். 1974 மாமாவின் தலைக்குள் மட்டுமே இருக்கிறது. சரிபார்த்துச் சொல்ல அவருக்குக் கண் இருக்கும்போதே கட்டியாக வேண்டும்.

"ஆனா ஒண்ணு, மே மாசம் வேணாம். அந்த மாசம் ஸ்ட்ரைக், வண்டியே ஓடாது" என்று சிரித்தார். உண்மைதான். 1974 மே 8 முதல் 27 வரை நாடு முழுக்க ரயில்வே வேலைநிறுத்தம். ஆகவே தை மாதம் என்று முடிவானது. மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்குப் பழைய சீவரம் வருவார் அல்லவா, அந்தக் கூட்டத்தை வைக்க மகனுக்கு ஆசை. இரண்டு சென்டிமீட்டர் மனிதர்களை நூற்றுக்கணக்கில் யார் செய்வது? மறுநாள் என்று வைத்துக்கொண்டோம். கூட்டம் கலைந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக அளவெடுக்கக் கிளம்பினோம். உத்திரமேரூரிலிருந்து திருமுக்கூடலுக்குக் காரில் முக்கால் மணி நேரம். வழியில் வயல், ஏரிக்கரை, அப்புறம் கல் குவாரி லாரிகளின் புழுதி. பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம் திருமுக்கூடல். அங்கே பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்து ஆஸ்பத்திரியைப் பற்றிய கல்வெட்டு இருக்கிறது. எத்தனை படுக்கை, என்னென்ன மருந்து என்பது வரை கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் கணக்கு விஷயத்தில் எப்போதுமே கறார்!

இப்போது ஆற்றின் மேல் பாலம் இருக்கிறது. நடுவில் காரை நிறுத்தச் சொல்லி மாமா இறங்கினார். மணலையும் சீமைக்கருவேலத்தையும் பார்த்துவிட்டு, "இந்த முள்ளு அப்ப இவ்ளோ கிடையாது. எழுதிக்கோ" என்றார். மகன் எழுதிக்கொண்டான். ஸ்டேஷனில் பணியில் இருந்தவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, தண்டவாளப் பக்கம் போகாமல் பிளாட்பாரத்தை மட்டும் காலடியால் அளந்தோம். மாமா ஓரிடத்தில் நின்று, "இங்க ஒரு புளிய மரம். வெயிலுக்கு எல்லாரும் இதுங்கீழதான்" என்றார். அந்த இடத்தில் இப்போது எதுவும் இல்லை.

அன்றைக்கு எடுத்த அளவை அப்படியே மேஜையில் கொண்டுவர முடியாது. ஹெச்.ஓ. அளவில் ஒரு கிலோமீட்டர் பதினொன்றரை மீட்டர். பழைய சீவரத்திலிருந்து வாலாஜாபாத் வரை கட்டினாலே எங்கள் தெரு போதாது. அதனால் எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதுதான் இந்தக் கலையின் சூட்சுமமே. மலையைச் சுருக்கினோம், பிளாட்பாரத்தைப் பாதியாக்கினோம். புளிய மரத்தைச் சுருக்கவில்லை.

1974 என்று ஒப்புக்கொண்டதில் எதிர்பாராத லாபமும் கிடைத்தது. கடையில் கிடைக்கிற சாதாரண ஹெச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பிய ரயில்பாதைக்கு அது சரியான கணக்கு. நம் அகலப்பாதையோ 1,676 மில்லிமீட்டர். அதன் மேல் நம் ஊர்ப் பெட்டியை வைத்தால், நிஜக் கணக்கில் 24 சென்டிமீட்டர் ஒடுங்கிப்போய், பெரிய உடம்பைச் சின்னக் காலில் நிறுத்தியது போல இருக்கும். இந்திய ரயில் மாடல் செய்கிறவர்களின் தீராத தலைவலி இது. மீட்டர்கேஜுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதற்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிடைக்கிறது. நிஜக் கணக்கில் நாலு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். எங்களுக்குச் சிங்கப்பூரிலிருந்து கொழுந்தனார் கொண்டுவந்தார்.

பாதை அகலத்துக்கு இந்தத் தடத்தில் பெரிய சரித்திரமே உண்டு. அரக்கோணம் - காஞ்சிபுரம் பாதையை 1865-ல் இந்தியன் டிராம்வே கம்பெனி போட்டபோது அதன் அகலம் மூன்றரை அடி. பிறகு மீட்டர்கேஜ் ஆனது. இப்போது அகலப்பாதை. ஒரே தடம், மூன்று அகலம்! ஒவ்வொரு தடவையும் பழைய வண்டிகள் மொத்தமாகக் காணாமல் போயின. சென்னைக் கடற்கரை - தாம்பரம் மீட்டர்கேஜ் மின்ரயில்கூட 1931-ல் தொடங்கி 2004 ஜூலை 1-ம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்று மீட்டர்கேஜ் பெட்டி எப்படி இருந்தது என்று குழந்தைக்குக் காட்ட வேண்டுமானால் சென்னை ஐ.சி.எஃப். பக்கத்து ரயில் மியூசியத்துக்குத்தான் கூட்டிப் போக வேண்டும்.

தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற ஜல்லிக்கு நாங்கள் அலையவில்லை. ஐந்து சென்டிமீட்டர் கல் 87-ல் ஒரு பங்கானால் அரை மில்லிமீட்டர் சொச்சம், அதாவது ரவை! திருமுக்கூடல் பக்கத்து கிரஷர் தூசியை ரவைச் சல்லடையில் சலித்தேன். (அந்தச் சல்லடை இனி சமையலறைக்குத் திரும்பாது.) நிஜப் பாதையில் போடுவதும் இதே மாதிரிக் கருங்கல்தான் என்பதால் நிறத்துக்கு மெனக்கெட வேண்டியதில்லை. பாலாற்றுக்குப் பாலாற்று மணலே. தேங்காய் நாரைப் பிரித்து முள்புதர், சணலை நறுக்கி அறுத்த வயல். ஸ்டேஷன் கட்டடம் முழுக்க கல்யாணப் பத்திரிகை அட்டை.

மனிதர்களுக்காகக் காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவுக்குப் போனேன். கல்யாண செட்டும் கருட சேவை செட்டும் செய்கிற கைகள். பெரியவர் ஒருவரிடம் இரண்டு சென்டிமீட்டருக்கு வேட்டி கட்டிய ஆள் வேண்டும் என்று கேட்டேன். "ஏம்மா, எள்ளுருண்டைகூட இதைவிடப் பெரிசா இருக்குமே?" என்றார். ஆனாலும் எட்டுப் பேரைச் செய்து கொடுத்தார். அதில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுகிறார்.

கட்டி முடிப்பது பாதி வேலைதான். மீதி, வண்டியை ஓட்டுவது. வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஓடினால் அது பொம்மை. ஓரிடத்திலிருந்து கிளம்பி, காத்திருந்து, இன்னோரிடம் போய்ச் சேர்ந்தால்தான் ரயில். எங்கள் வண்டி ஒரு பக்கம் மலைக்குப் பின்னால் மறைகிறது, அது செங்கல்பட்டு. மறுபக்கம் மரங்களுக்குப் பின்னால் மறைவது வாலாஜாபாத். 40 கிலோமீட்டர் வேகம் என்பது இந்த அளவில் விநாடிக்குப் 13 சென்டிமீட்டர்தான். 14 அடியைக் கடக்க அரை நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. பார்க்க வருகிற பிள்ளைகள் "ஃபாஸ்ட்டா விடுங்க ஆன்ட்டி" என்று கெஞ்சுவார்கள். விடுவதில்லை.

ஒற்றைப் பாதை என்பதால் எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடக் கூடாது. அதற்கு அந்நாளில் டோக்கன் முறை. இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரு சமயத்தில் ஒரே ஒரு இரும்புப் பந்துதான் மிஷினிலிருந்து வெளியே வரும். அது கையில் இருக்கிற டிரைவர்தான் அந்தப் பாதைக்குள் நுழையலாம். பிரம்பு வளையத்தில் கட்டி, ஓடுகிற வண்டிக்கு நீட்டுவார்கள். எங்கள் வீட்டில் இரும்புப் பந்துக்குப் பதில் கோலிக்குண்டு. பச்சைக் கோலி செங்கல்பட்டுப் பக்கம், நீலம் வாலாஜாபாத் பக்கம். வண்டிகள் மாறிக்கொள்ள பழைய சீவரத்தில் ஒரு லூப் லைன் போட்டிருக்கிறோம். அது நாங்கள் எடுத்துக்கொண்ட உரிமை.

ஸ்டேஷன் மாஸ்டர் மாமாதான். கோலிகள் அவர் மேஜையில் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் இருக்கும். தடவிப் பார்த்து எடுக்க வசதியாக நீலக் கோலியைக் கொஞ்சம் பெரிசாக வாங்கியிருக்கிறோம். போன ஞாயிறு சாயங்காலம் செங்கல்பட்டு வண்டி லூப்பில் நிற்க, எதிர் வண்டி வரவேயில்லை. மலைக்குப் பின்னால் இணைப்புக் கம்பி கழன்றுவிட்டது. மகன் மேஜைக்கு அடியில் நுழைந்து ஸ்க்ரூ டிரைவரோடு போராடிக்கொண்டிருந்தான்.

"எத்தனை நிமிஷம் லேட்டு?" என்றார் மாமா.

"இருபது தாத்தா."

"சரியாத்தான் இருக்கு. அவசரப்படாத" என்று சொல்லிவிட்டுக் காபி கேட்டார்.