முத்தோரைச் சரிவில் சூரியனின் இரைச்சல்

ஊட்டியை அடுத்த முத்தோரையில், மலைச்சரிவோடு சரிவாகப் படுத்துக்கிடக்கிறது அந்த ரேடியோ தொலைநோக்கி. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். தகடு எதுவும் கிடையாது. 24 சட்டங்களின் மேல் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை 1,100 எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். கிட்டே போய்ப் பார்த்தேன். கம்பிகளுக்கு நடுவே விரல் தாராளமாக நுழையும், அந்தப் பக்கத்து மேகம்கூடத் தெரிகிறது. ஆனால் இது பிடிக்கும் ரேடியோ அலையின் நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். அந்த அலைக்கு இது இடைவெளியே இல்லாத கண்ணாடி.

கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் 1970இல் இதைக் கட்டி முடித்தார்கள். வடக்கு தெற்காக 11 பாகை சாய்ந்த மலைதான் வேண்டும் என்று தேடிப் பிடித்த இடம் இது. ஊட்டியின் அட்சரேகையும் 11 பாகை. இரண்டும் ஒன்றானால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். பிறகு அந்த ஓர் அச்சில் மெல்லச் சுழற்றினாலே, வானில் ஓரிடத்தை ஒன்பது மணி நேரம் விடாமல் தொடரலாம். நான் கம்பம்மெட்டுக்காரன். ஏலத்தோட்டத்தில் சரிவு என்றால் எங்களுக்கு மண்ணரிப்பும் முட்டுவலியும்தான். இங்கே சரிவே கருவியில் பாதி. எங்கள் ஊரில் கட்டியிருந்தால் பத்து பாகைக்குச் சற்றுக் குறைவான சரிவு போதும் என்று கணக்குப் போட்டபடி நடந்தேன்.

நான் முக்கியமாகப் பார்க்க வந்தது இதைவிட மிகச் சிறிய ஒன்றை. மொட்டைமாடிகளில் முன்பு நின்ற டிவி ஆன்டெனா போன்ற ஒன்று, அதோடு ஒரு பெட்டி. பெயர் காலிஸ்டோ. 45 முதல் 870 மெகாஹெர்ட்ஸ் வரை சூரியனைக் கேட்கும். அங்கிருந்த ஆய்வாளர் பழைய பதிவு ஒன்றைத் திரையில் திறந்தார். இடமிருந்து வலமாக நேரம், மேலிருந்து கீழாக அதிர்வெண். முதலில் செங்குத்தாக ஒரு கீற்று. சூரியனில் வெடிப்பு நிகழ்ந்ததும், ஒளியின் வேகத்தில் மூன்றிலொரு பங்கு வேகத்தில் பாய்ந்த எலெக்ட்ரான்கள் போட்ட கோடு.

“இது மூணாம் வகை சார். இதுக்குப் பின்னால வர்றதைப் பாருங்க.”

சில நிமிடங்கள் தள்ளி இரண்டு பட்டைகள் சாய்வாக, நிதானமாக இறங்கின. ஒன்றின் அதிர்வெண் மற்றதைப் போல் இருமடங்கு. இதுதான் இரண்டாம் வகை, அதிர்ச்சி அலையின் தடம். வெடித்துக் கிளம்பும் பொருள் நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவில் பாயும்போது, சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவில் அலை பரவும் வேகத்தை மிஞ்சிவிடுகிறது. முன்னால் எழும் அதிர்ச்சி அலை எலெக்ட்ரான்களை முடுக்குகிறது. அவை பிளாஸ்மாவைக் குலுக்க, ரேடியோ அலை பிறக்கிறது. அதன் அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது அந்த இடத்தின் எலெக்ட்ரான் அடர்த்தி. 100 மெகாஹெர்ட்ஸ் என்றால் கன சென்டிமீட்டருக்குச் சுமார் 12 கோடி எலெக்ட்ரான்கள், 50 என்றால் 3 கோடி. உயரே போகப்போக அடர்த்தி குறையும், அதிர்வெண்ணும் இறங்கும். இறங்கும் விதத்திலிருந்தே அதிர்ச்சி அலை ஏறும் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் ஓடுவதை ஓர் ஆன்டெனாவை வைத்து அளக்க முடிகிறதே என்று எனக்கு இன்றும் வியப்புத்தான்.

அதிர்வெண் குறையக் குறைய இரைச்சல் தாமதமாக வருவதை முதலில் கண்டவர்களில் ஒருவர் ரூபி பெய்ன்-ஸ்காட் என்ற பெண். 1947 மார்ச்சில் சிட்னியில் 200, 100, 60 மெகாஹெர்ட்ஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக இரைச்சல் வந்ததை அவரும் சக ஆய்வாளர்களும் பதிந்தார்கள். பள்ளிப் பாடங்களில் அவர் பெயர் இருக்க வேண்டும். நம் பக்கத்தில் கௌரிபிதனூர் ரேடியோ ஹீலியோகிராஃப், அந்த இரைச்சல் சூரியனின் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதையே 1997 முதல் படமாக்குகிறது.

ஆனால் பத்து மெகாஹெர்ட்ஸுக்கும் கீழே போய்விட்டால் அயனிமண்டலம் அலையைத் தரைக்கு விடாது. அதற்குள் அதிர்ச்சி அலை சூரியனை விட்டு வெகுதூரம் வந்திருக்கும். அங்கேதான் பெரிய தொலைநோக்கிக்கு வேலை. தொலைதூர ரேடியோ மூலங்களின் குறுக்கே சூரியப் பொருள் கடந்தால் அவை மினுமினுக்கும். மினுக்கம் கூடும் திசைகளைக் குறித்துக்கொண்டே போனால் சூரியப் புயல் வரும் பாதை தெரிந்துவிடும். பி. கே. மனோகரன் இங்கே பல்லாண்டு செய்த பணி இது. புயல் பூமியைத் தொட ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். செயற்கைக்கோள்களைக் காக்க அந்த அவகாசம் பெரிது.

கிளம்பும்போது, காலிஸ்டோவைக் கம்பம்மெட்டில் வைக்கலாமா என்று கேட்டேன். “கோடை எஃப்எம் அங்க நல்லா எடுக்குமா?” என்றார். எடுக்கும், 100.5 எங்கள் வீட்டு வானொலி. அப்படியானால் பதிவில் அந்த அதிர்வெண்ணில் ஒரு பட்டை எப்போதும் நிற்கும், இரண்டாம் வகை அதைக் கடக்கும்போது மறைந்துவிடும் என்றார். அந்த ஒலிபரப்பு எட்டாதபடி கோடைக்கானலை மேடு மறைக்கும் பள்ளம் ஒன்று கேரளப் பக்கம் இருக்கிறது. காலை வெயில் அங்கே தாமதமாகத்தான் விழும். அந்த நேரத்து வெடிப்புகளை மற்ற காலிஸ்டோ நிலையங்கள் பார்த்துக்கொள்ளும்.