கத்தரிக்கோலும் பசையும் இல்லாமல்

பத்திரிகைத் தொழிலில் காலத்தைக் கழித்தவர்களின் வீடுகளில் இரண்டு பொருட்கள் கட்டாயம் இருக்கும். ஒன்று கத்தரிக்கோல்; மற்றையது பசைப் போத்தல். காலையில் வந்த பத்திரிகையை மாலைக்குள் வெட்டி, ஓரத்தில் திகதி எழுதி, பழைய கணக்குக் கொப்பிகளில் ஒட்டி வைப்பது எனக்கும் 40 ஆண்டு காலப் பழக்கம். நாவற்குடாவிலுள்ள எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் அவ்வாறான கொப்பிகள் 23 இருக்கின்றன. சூறாவளி, தேர்தல், தீமிதிப்பு, கொலை, வெள்ளம், பாராட்டு விழா என்று மட்டக்களப்பின் கதை அவற்றுள் மஞ்சள் பூத்துக் கிடக்கின்றது.

பாடசாலை விடுமுறைக்காகக் கனடாவிலிருந்து வந்திருந்த என் மகளின் மகள் ஒருநாள் அந்தக் கொப்பிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டுக் கேட்டாள்:

“அம்மப்பா, இதுக்குள்ள நம்மட ஆக்கள் ஒருத்தரும் இல்லையே?”

என்னிடம் பதில் இருக்கவில்லை. ஊரார் வீட்டுச் செய்தியை எல்லாம் ஒட்டி வைத்தவன், தன் வீட்டுச் செய்தியை ஒட்டவில்லை. அன்று மாலையே அவள் தன் மடிக்கணினியை என் முன்னால் வைத்து, ‘டிஜிட்டல் ஸ்கிராப்புக்’ என்ற கலையை எனக்குக் கற்பிக்கத் தொடங்கிவிட்டாள்.

வெட்டி ஒட்டும் புத்தகம் புதிய சங்கதியன்று. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன், ஏற்கெனவே பசை தடவப்பட்ட ஒட்டுப் புத்தகம் ஒன்றுக்கு 1873ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றிருக்கிறார். ஈரப்படுத்தினால் போதும், நறுக்கு ஒட்டிக்கொள்ளும். பசைப் போத்தலைத் தேடி அலைந்த சினம்தான் அவரை அந்தக் கண்டுபிடிப்புக்குத் தள்ளியிருக்கும் என்பது என் ஊகம். இப்போது பசையும் இல்லை, காகிதமும் இல்லை. படங்களை ஸ்கேனரில் இட்டுக் கணினிக்குள் எடுத்து, ஒரு வெற்றுப் பக்கத்தில் அடுக்கி, அருகே நாலு வரி எழுதினால் ஒரு பக்கம் ஆயத்தம்.

கேட்பதற்கு இலகு. செய்யும்போதுதான் தெரியும். 12 அங்குலச் சதுரப் பக்கம் ஒன்றை நல்ல தரத்தில் அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் 3600க்கு 3600 பிக்சல் வேண்டும். மூன்று அங்குலப் பழைய படத்தை இரு மடங்காகப் பெருப்பிக்க எண்ணினால், ஸ்கேன் செய்யும்போதே 600 புள்ளிகளில் எடுக்க வேண்டும். ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் சிறிது குறையும். ஆகையால் மூலப்படத்தை டிஃப் வடிவில் தனியாக வைத்துவிட்டு, பிரதியில்தான் கை வைக்க வேண்டும். இவற்றையெல்லாம் அவள் எனக்குச் சொல்ல, நான் கொப்பியில் குறித்துக்கொண்டேன். நிருபர் புத்தி இலேசில் போகாது.

கிம்ப் என்ற இலவச மென்பொருளைத்தான் பயன்படுத்தினோம். அதிலுள்ள ‘அடுக்கு’ என்ற விடயம் முதலிரண்டு நாட்களும் எனக்குப் பிடிபடவில்லை. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒன்றில் படம், ஒன்றில் எழுத்து, ஒன்றில் பின்னணி என்று எண்ணிக்கொள்ளச் சொன்னாள். பக்க வடிவமைப்பு மேசையில் தலைப்பையும் படத்தையும் செய்தியையும் தனித்தனியே வெட்டி நகர்த்தி நகர்த்தி ஒட்டியவனுக்கு அதன் பிறகு விளக்கம் தேவைப்படவில்லை.

பின்னணிக்கென்று இணையத்தில் அலங்காரத் தாள்கள் விற்கிறார்கள். பெரும்பாலானவை பனியும் மேப்பிள் இலையும் ரோசாப் பூவும். எங்களுக்கு அவை எதற்கு? எழுவான்கரையில் எங்கள் வளவில் இல்லாததா? விடியற்காலையில் வேலியோரம் கூட்டமாக வந்து மண்ணைக் கிளறும் புலுனிகள், தத்தித் தத்தி நடந்து திடீரென்று செவ்வரத்தைப் பற்றைக்குள் மறையும் செண்பகம், முருங்கைப் பூவில் தொங்கும் தேன்சிட்டு, தென்னையில் தலைகீழாக இறங்கும் அணில் ஆகிய எல்லாவற்றையும் கைத்தொலைபேசியால் எடுத்தோம். அது நாவற்பழம் விழும் காலம். பழம் விழுந்து நசுங்கி ஊதாக் கறை படிந்த மணல்தரையைப் படமெடுத்து, அதன் நிறத்தை மங்கலாக்கிப் பின்னணியாக இட்டோம். ஊரின் பெயரே அந்தத் தாளில் இருந்தது. மாலையில் வாவிக்கரைக்குச் சென்று, படுவான்கரைப் பக்கம் சூரியன் விழும் காட்சியையும் எடுத்து வந்தோம்.

பின்னணிக்குப் பஞ்சமில்லை. முன்னால் வைப்பதற்குத்தான் படங்கள் இல்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு வந்து வடிந்தது. நாங்கள் உயிர் தப்பியதே பெரிய காரியம். அலுமாரியின் மேல்தட்டிலிருந்த பத்திரிகை நறுக்குகள் நனையவில்லை. கீழ்த்தட்டிலிருந்த குடும்ப அல்பங்கள் மூன்றும் உப்புநீரில் ஊறிவிட்டன. அவற்றை வெயிலில் காய வைத்தேன். அதுதான் பிழை. புகைப்படத் தாளின் மேற்பூச்சு ஜெலட்டின். நனைந்தால் இளகும், நனைந்தபடியே அடுக்கில் காய்ந்தால் பசையாகிவிடும். நனைந்த படங்களைக் குளிர்ந்த நல்ல தண்ணீரில் வைத்து, மெதுவாகப் பிரித்து, நிழலில் ஒவ்வொன்றாக உலர்த்த வேண்டும். 2011 மார்ச்சில் ஜப்பானில் ஆழிப்பேரலை அடித்தபோது, யமமோட்டோ என்ற சிறுநகரில் தொண்டர்கள் சேற்றிலிருந்து பொறுக்கிய சுமார் 750,000 படங்களை இவ்வாறு கழுவி, கணினியில் ஏற்றி, உரியவர்களைத் தேடிக் கொடுத்தார்கள். அந்தச் செய்தியை வாசித்தபோது எங்கள் அல்பங்கள் காய்ந்து கட்டியாகி ஆறு வருடங்கள் கடந்திருந்தன.

பிரித்தெடுக்க முடிந்தவற்றுள் ஒன்று 1972இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். வளவு நாவல் மரத்தடியில் நாங்கள் நான்கு சகோதரர்கள். மூத்தவர் அக்கா. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவர் காய்ச்சலில் இறந்துபோனார். அந்த ஒரு படம்தான் அவருக்கு உண்டு. அவருடைய முகத்தின் இடப்பாதி, அல்பத்தின் எதிர்ப்பக்கத்துப் படத்தோடு ஒட்டிக்கொண்டு உரிந்து போய்விட்டது.

“கவலைப்படாதீங்க அம்மப்பா” என்று பேத்தி செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் அந்தப் படத்தை ஏற்றினாள். சில விநாடிகள்தான். முழு முகத்தோடு ஒரு பெண் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அழகான பெண். கண்கள் இரண்டும் அச்சொட்டாக ஒன்றுபோல் இருந்தன. என் அக்காவுக்கு இடக்கண் சற்றுச் சிறியது. சிரிக்கும்போது அது முழுதாக மூடிக்கொள்ளும். அதை அந்தச் செயலிக்கு யார் சொல்லியிருப்பார்கள்? எனக்குப் பிறகு இந்தப் படத்தைப் பார்ப்பவர்களுக்கு யார் சொல்வார்கள்?

“வேண்டாம் மனே. உள்ளது உள்ளபடி இருக்கட்டும்” என்றேன். தூசியையும் கீறல்களையும் மட்டும் துடைத்தோம். உரிந்த இடத்தை வெள்ளையாகவே விட்டு, படத்தின் கீழ் அந்த இடக்கண்ணைப் பற்றி இரண்டு வரி எழுதினேன். எத்தனையோ ஆயிரம் படங்களுக்குக் குறிப்பு எழுதியிருக்கிறேன். அந்த இரண்டு வரிக்கு ஒரு மாலைப்பொழுது சென்றது.

“இந்தப் பெரியம்மம்மாட வேற படம் ஒண்டும் இல்லையா?” என்று அவள் விடவில்லை. பாடசாலைப் பரிசளிப்பு விழாப் படம் ஏதேனும் நறுக்குகளுக்கிடையே இருக்கக்கூடும் என்று மேல்தட்டுக் கொப்பிகளை எல்லாம் இறக்கினோம். அக்கா கிடைக்கவில்லை. 1978ஆம் ஆண்டுக் கொப்பியிலிருந்து ஒரு பழுப்பு உறை விழுந்தது. உள்ளே அடையாள அட்டைக்கு எடுத்த அளவிலான ஒரு படம். பதினேழு வயது மதிக்கத்தக்க பையன். புதுச் சேட்டு, எண்ணெய் வைத்து வாரிய தலை. பின்புறத்தில் பென்சிலால் அவனுடைய பெயர், படுவான்கரையில் ஒரு கிராமத்தின் பெயர், அதன் கீழே ‘திருப்பிக் கொடுக்கவும்’ என்ற இரண்டு சொற்கள். என்னுடைய கையெழுத்து.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி இலங்கையில் 900க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மட்டக்களப்பில் கூரையும் தென்னையும் தப்பிய இடத்தை விரல்விட்டு எண்ணலாம். எங்கள் நாவல் மரமும் அன்று முறிந்ததுதான்; இப்போது நிற்பது அடிக்கட்டையிலிருந்து துளிர்த்தது. நான் அப்போது இளம் நிருபன். மண்முனைத் துறையில் தோணி பிடித்து அக்கரை சென்று, சுவர் விழுந்து மகனை இழந்த தாய் ஒருவரிடம் செய்திக்காகப் படம் கேட்டேன். தகரப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துத் தந்தார். “இது ஒண்டுதான் மனே இருக்கு. கவனமாக் கொண்டந்து தந்திடு” என்றார். படம் கொழும்புக்குப் போனது. இடமில்லாமல் அது பிரசுரமாகவில்லை. மாதங்கள் கழித்து உறையில் திரும்பி வந்தது. அடுத்த முறை அக்கரை போகும்போது கொடுக்கலாம் என்று வைத்தேன். பின்னர் இடமாற்றம் வந்தது; யுத்தம் வந்தது; வாவியைக் கடப்பது நினைத்த நேரத்தில் முடியாத காரியமாயிற்று. காரணங்கள் இருந்தன. ஆனால் 2009க்குப் பின்னர் யுத்தமும் இல்லை. 2014இலிருந்து மண்முனையில் பாலமும் இருக்கின்றது. படத்தை நான் மறந்துவிட்டேன் என்பதே உண்மை.

அக்காவின் பாதி முகத்துக்காகப் பல ஆண்டுகளாக அலையை நொந்துகொண்டவன் நான். இன்னொரு வீட்டின் முழு முகத்தை என் அலுமாரியில் வைத்துக்கொண்டு.

அந்தப் படத்தை 1200 புள்ளிகளில் ஸ்கேன் செய்தோம். பெருப்பித்து அச்சிட்டு, மூலப்படத்தையும் எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தேன். அரைநாள் எடுத்த பயணம் அரைமணி நேரத்தில் முடிந்தது. விசாரித்ததில் அந்தப் பையனின் தங்கை இருந்தார்; அறுபதைக் கடந்தவர். தாய் காலமாகிப் பல ஆண்டுகள். படத்தை இரண்டு கைகளாலும் வாங்கி வெகுநேரம் பார்த்தார். பின்புறத்தைத் திருப்பி அந்த இரண்டு சொற்களையும் வாசித்தார்.

“அம்மா சாகுமட்டும் சொல்லிக்கொண்டிருந்தா ஐயா, பேப்பர்காரத் தம்பி கொண்டு வருவான் எண்டு.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தேநீர் தந்தார். புறப்படும்போது, கணினியில் உள்ள பிரதியை வைத்திருக்கலாமா என்று அனுமதி கேட்டேன். “வெச்சிருங்க. இனித் துலையாதுதானே” என்றார்.

இப்போது எங்கள் புத்தகத்தில் 31 பக்கங்கள் இருக்கின்றன. பேத்தி ரொறொன்ரோவிலிருந்து காணொளி அழைப்பில் பிழை திருத்துகிறாள். ஒரு பிரதி இங்கே, ஒரு பிரதி வெளி வன்தட்டில், ஒரு பிரதி கடல் கடந்து அவளிடம். அலை ஒரே நாளில் மூன்று இடத்துக்கும் வராது என்ற நம்பிக்கை.

இதை வாசிக்கும் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். அல்பங்களை அலுமாரியின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். படங்களின் பின்னால் மென்மையான பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய மூத்தவர் இருக்கும்போதே எழுதுங்கள். மலருக்கென்றோ, நூலுக்கென்றோ, செய்திக்கென்றோ யாரிடமாவது வாங்கிய படம் உங்கள் வீட்டில் இருந்தால், அதை இந்த வாரமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.