சிரட்டைக்கரி வாசம்

எங்கள் தெருமுனை வேப்பமரத்தடியில் வண்டி போட்டிருக்கும் தேய்ப்புக்காரர் போன மாதம் காஸ் பெட்டிக்கு மாறிவிட்டார், கரி விற்கிற விலைக்குக் கட்டுப்படியாகவில்லை, சாம்பல் பறந்து வெள்ளைச் சட்டையில் விழுந்தால் வசவு வேறு என்றார், நியாயம்தான், ஆனால் அன்றைக்கு சிலிண்டர் தீர்ந்துபோய், மூலையில் கிடந்த பழைய பெட்டியை எடுத்து, சிரட்டைக்கரியைப் போட்டு விசிறிக்கொண்டிருந்தார், பால் வாங்கப் போன நான் பாக்கெட்டும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன்.

எனக்கு அது சனிக்கிழமை சாயங்காலத்தின் வாசம். திருநெல்வேலிச் சீமையில், செம்மண் தேரியை ஒட்டிய எங்கள் ஊரில், பனைகளுக்குப் பின்னால் வெயில் இறங்கி, திண்ணையின் சிமெண்டு இன்னும் சூடாக இருக்கும்போதே, தாத்தா பெஞ்சில் பழைய கம்பளியை நாலாக மடித்து விரிப்பார், பித்தளைப் பெட்டியில் கரியைப் போட்டு, கனியும்வரை பனையோலை விசிறியால் வீசுவார், செம்புத் தண்ணீரில் விரலை நனைத்துப் பெட்டியின் அடியைத் தொட்டு, அது 'ஸ்ஸ்' என்று சொன்னால்தான் துணியில் வைப்பார். பெட்டியின் மூடிமுனையில் பிடிப்புக்கு ஒரு சின்னப் பித்தளைச் சேவல் நிற்கும், அதன் கொண்டை தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். முதலில் அவருடைய ஜிப்பா, பிறகு அடுத்த தெரு வாத்தியார் தாத்தாவின் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, ஞாயிறு ஆராதனைக்கு இரண்டு பேரும் ஒரே பெட்டிச் சூட்டில் தேய்த்த துணியைத்தான் உடுத்திப் போவார்கள், எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

தாத்தா சபைக்குப் பொருளாளர், வாத்தியார் தாத்தா கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர். எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், பெரியம்மாவின் பேறுகாலச் செலவுக்குக் கையில் காசில்லாமல், காணிக்கைப் பணத்திலிருந்து நாற்பது ரூபாயைத் தாத்தா எடுத்திருந்தார், பதநீர் இறங்கிக் கருப்பட்டி விற்றதும் வைத்துவிடலாம் என்ற நினைப்பு. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் லெந்து தொடங்கியிருந்தது. அந்தச் சனிக்கிழமை வாத்தியார் தாத்தா வந்து, பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "வே, கணக்குல நாப்பது ரூவா இடிக்கி. வார ஞாயித்துக்கிழம கமிட்டி கூடுது. அதுக்குள்ள நீரே சொல்லிரும். சொன்னீர்னா நான் உம்ம பக்கத்துல நிப்பேன். சொல்லலன்னா கையெழுத்துப் போட மாட்டேன்." தாத்தா பதில் சொல்லவில்லை, சட்டைக் காலரைத் திருப்பித் திருப்பித் தேய்த்துக்கொண்டிருந்தார், அது தேய்ந்து ரொம்ப நேரமாகியிருந்தது.

ஆச்சியின் கம்மல் அடகுக்குப் போனது, பணம் காணிக்கைப் பெட்டிக்குத் திரும்பியது, தாத்தா கமிட்டியில் எழுந்து தானே சொன்னார், பின்வரிசையில் ஒருவர் முனகியபோது வாத்தியார் தாத்தா எழுந்து தாத்தாவுக்குப் பக்கத்தில் போய் நின்றார், சொன்னபடி. ஆனால் அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை, தாத்தாவுக்கு அவமானம், வாத்தியார் தாத்தாவுக்கு அதைக் கிளற மனமில்லை. அப்படியும் சனிக்கிழமை வந்தால் அவர் வீட்டுச் சட்டை எங்கள் திண்ணைக்கு வந்துவிடும், தாத்தா மௌனமாகத் தேய்த்து, "ஏல, கொண்டு குடுத்துட்டு வா" என்பார், இரண்டு முழங்கையிலும் அதை ஏந்திக்கொண்டு இருட்டில் நடப்பேன், நீலமும் கஞ்சியும் கரியும் கலந்த வாசத்தோடு ஒரு சூடு கையில் இருக்கும், ஏதோ உயிருள்ளதைத் தூக்கிப் போவதுபோல. நாற்பது நாளும் ஒரு வாரம்கூடத் தப்பவில்லை.

ஈஸ்டர் அன்றைக்கு அதிகாலை ஆராதனை முடிந்து, வாத்தியார் தாத்தா தானே எங்கள் திண்ணைக்கு வந்தார், தாத்தாவைப் பார்க்காமல், மூலையில் ஆறிக் கிடந்த பெட்டியைத் தூக்கி, பித்தளைச் சேவலைத் தட்டிக்கொண்டே என்னிடம் கதை சொன்னார். பேதுரு தன் ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தடவை சொன்ன இரவில், அவன் குளிர்காய்ந்த இடத்தில் கரிநெருப்பு இருந்தது என்று யோவான் எழுதுகிறார், உயிர்த்தெழுந்த பிறகு திபேரியாக் கடற்கரையில் இயேசு மீன் சுட்டு வைத்துக் காத்திருந்ததும் கரிநெருப்பில்தான், வேதத்தில் இரண்டு இடத்திலும் அதே வார்த்தை, போய்ப் பார் என்றார். "ரெண்டாவது நெருப்பப் போட்டது யாரு? மனசு நொந்தவரு. சாப்பாடும் போட்டாரு, மூணு தடவ கேள்வியும் கேட்டாரு. ஒண்ணும் நடக்காத மாதிரி விட்டுரல, விரட்டியும் விடல." தாத்தா உள்ளே பார்த்து, "ரெண்டு காப்பி" என்றார். கருப்பட்டிக் காப்பி.

வெகுநாள் கழித்துத் தஞ்சாவூரில், பெரிய கோயிலை அடுத்த சிவகங்கைத் தோட்டத்துத் தேவாலயத்தில், சாய்ந்த வெயிலில் ஒரு வெள்ளைப் பளிங்குச் சிற்பத்தின் முன் நின்றபோது, எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. 1798-இல் இறந்த சுவார்ட்ஸ் பாதிரியாருக்காக, சரபோஜி மன்னர் லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனிடம் சொல்லிச் செய்வித்தது, படுக்கையில் கிடக்கும் கிழவரின் கையைச் சரபோஜி பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஹைதர் அலி, தன்னிடம் தூது அனுப்புவதானால் ஏமாற்றத் தெரியாத இந்தப் பாதிரியை அனுப்புங்கள் என்று கேட்டு வாங்க, 1779-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் போன மனிதர் அவர். சரபோஜி கிறிஸ்தவராக வேண்டும் என்ற ஆசையை அவர் மறைத்ததில்லை, சரபோஜியும் ஆகவில்லை, ஆனாலும் பிள்ளையாயிருந்த சரபோஜிக்கு அரண்மனையில் ஆபத்து என்றானபோது 1793-இல் சென்னைக்கு அவரை அனுப்பிவைக்க முன்னின்றவர் இந்தக் கிழவர்தான். இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் பொய் சொல்லிக்கொள்ளவில்லை, அதனால்தானோ என்னவோ, பளிங்கிலும் அந்தப் பிடி தளரவில்லை.

பால் பாக்கெட் கையில் வியர்த்துவிட்டது, தேய்ப்புக்காரர் "என்ன சார், துணி இருக்கா?" என்றார். துணி இல்லை, வேறொன்று இருந்தது. முப்பது வருஷ நண்பன் ஒருவன், தன் அப்பாவைப் பற்றி எழுதிய புத்தகத்தின் தட்டச்சுப் பிரதியை அனுப்பியிருந்தான், இருபது பக்கம் தாண்ட முடியவில்லை, நான் வாட்ஸ்அப்பில் 'அருமை' என்று போட்டு ஒரு கட்டைவிரலையும் சேர்த்து அனுப்பிவிட்டேன், இப்போதெல்லாம் விசுவாசம் அவ்வளவு மலிவு, அவன் அதை நம்பிக் கைக்காசு போட்டு அச்சடிக்கக் கிளம்பிவிட்டான்.

அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போனேன், மனைவி மக்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, முதலில் என் பொய்யைச் சொன்னேன், பிறகு புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன், உட்கார்ந்து சேர்ந்து திருத்தலாம் என்றும் சொன்னேன். காப்பி வந்தது, பேச்சு வரவில்லை. அதற்கப்புறம் அவன் என்னைக் கூப்பிடவில்லை. சனிக்கிழமை சனிக்கிழமை நான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.